ஒரு பானை, ஒரு ஓட்டு

அயர்லாந்தில், டப்ளினுக்கு வடக்கே, ஸ்வோர்ட்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது அந்த ஊர்தான். இதை எங்கள் சங்கத் தலைவர் மாரிசாமிகூட மறுக்கமாட்டார். மறுப்பதென்றால் என் முகத்துக்கு நேரே வந்து மறுக்கட்டும்.

என் பெயர் வேதவள்ளி. மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள். பென்ரோஸில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், பெட்டி சரியாக மடிகிறதா, ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை எனக்கு. எனக்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும்போது என் வீட்டுக்காரர் மணியம் இறந்துபோனார். மவுண்ட் வெல்லிங்டனில் நாங்கள் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, பக்குரங்காவில் மகன் சுந்தரத்தின் வீட்டுக்குப் போனேன். மகனும் மருமகள் கல்யாணியும் என்னை ஒரு குறையில்லாமல்தான் வைத்திருந்தார்கள். குறை வேறு இடத்தில் வந்தது.

எங்கள் சங்கத்தில் ஓட்டு ஆளுக்கில்லை, அடுப்புக்கு. சங்கம் ஆரம்பித்த வருடம் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் குடியிருந்தன. அண்ணன் மனைவிக்கும் தம்பி மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்களுக்கு இரண்டு ஓட்டு வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர்கள் நின்றார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு ஓட்டா என்று மற்றவர்கள் குதித்தார்கள். கைகலப்பு வரும்போல் இருந்தது. அப்போது மணியம் எழுந்து ஒரு விதி சொன்னார்: பொங்கலன்று தன் அடுப்பில், தன் பானையில் பால் பொங்கவிடுகிறவர் யாரோ அவர் ஒரு குடும்பம், குடும்பத் தலைவருக்கு ஒரு ஓட்டு. ஆஹா என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். பானை வைப்பவள் ஒருத்தி, கையைத் தூக்குகிறவர் இன்னொருத்தர் என்பது அன்றைக்கு என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சங்கச் செயலாளர் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். பால் பொங்குவதைக் கண்ணால் பார்க்கவேண்டும், ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடவேண்டும். சாப்பிட்டால் அந்தக் குடும்பம் பதிவு. வெளியார் பார்த்தால் விருந்து என்று நினைப்பார்கள். உண்மையில் அது வாக்காளர் கணக்கெடுப்பு. செயலாளர் ஆனந்தராசா யாழ்ப்பாணத்துக்காரர். நேர்மையென்றால் அப்படியொரு நேர்மை. பாவம், அவருக்கு நீரிழிவு வேறு, அவர் பேச்சில் சீனி வருத்தம். ஒவ்வொரு வீட்டிலும் சர்க்கரைப் பொங்கலை மருந்து மாதிரி விழுங்கிவிட்டுப் போவார்.

மணியம் போன பிறகு வந்த முதல் பொங்கலுக்கு அவர் பக்குரங்கா வீட்டுக்கு வந்தார். கல்யாணியின் பானை பொங்கியது. ஒரு கரண்டி சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "அக்கா, உங்கட குடும்பம் இனிச் சுந்தரத்தின்ர குடும்பத்தோட சேர்ந்திட்டுது, என்ன?" என்றார்.

"ஆமா, சேந்துருச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. சங்கத்தின் முதல் பொங்கலுக்குப் பால் காய்ச்சிய கை இது. மணியத்தோடு சேர்த்து என்னையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். உயிரோடுதான் இருக்கிறேன், ஆனால் ஆள் இல்லை.

அந்த வருடம் 1993. நியூசிலாந்தில் பெண்களுக்கு ஓட்டு வந்து நூறு வருடம் ஆயிற்று என்று ஊரெல்லாம் விழா. செப்டம்பரில் பெண்கள் சட்டையில் வெள்ளைக் கமீலியாப் பூ குத்திக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். நவம்பரில் பொதுத்தேர்தல். கூடவே தேர்தல் முறையை மாற்றலாமா வேண்டாமா என்று மக்களிடமே ஒரு வாக்கெடுப்பு. நான் வரிசையில் நின்று இரண்டுக்கும் ஓட்டுப் போட்டேன். இந்த நாடு தன் பாராளுமன்றத்தை எப்படி அமைப்பது என்று என்னைக் கேட்கிறது. ஆண்டு விழாவுக்கு ஆட்டிறைச்சியா கோழியா என்று எங்கள் சங்கம் என்னைக் கேட்காது. வயிறு எரியுமா எரியாதா?

மறுவாரம் தேநீர் இடைவேளையில், தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் பிரீடாவிடம் இதைச் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். பிரீடா அயர்லாந்துக்காரி, கல்யாணம் கட்டி இங்கே வந்து இருபது வருடம். பானைக் கணக்கைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையெல்லாம் கொட்டியது. உங்கள் ஆட்கள் எங்கள் ஊரில்தான் சட்டம் படித்திருக்கவேண்டும் என்றாள். அவளுடைய ஊர்தான் ஸ்வோர்ட்ஸ்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். டப்ளினில் அயர்லாந்துக்கென்று தனிப் பாராளுமன்றம் இருந்த காலம். ஸ்வோர்ட்ஸ் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். வேறு பல ஊர்களில் ஒரு பிரபு யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் உறுப்பினர். ஸ்வோர்ட்ஸில் அப்படி இல்லை. தன் அடுப்பில் தன் பானையைக் கொதிக்கவைக்கிற குடித்தனக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஓட்டு. அந்த வாக்காளர்களுக்குப் பெயரே பானைக்காரர்கள் என்பதுதான். ஆனால் ஆறு மாதம் அங்கே குடியிருந்திருக்கவேண்டும். புராட்டஸ்டண்டாகவும் இருக்கவேண்டும்.

"நாங்கள் கத்தோலிக்கர்" என்றாள் பிரீடா. "எங்கள் பானையில் உருளைக்கிழங்கு வெந்தாலும் அது வேகாத கணக்குத்தான். பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்."

தனியொரு எஜமான் இல்லாத தொகுதி என்றால் எல்லோருக்கும் நாக்கில் நீர் ஊறுமே. ஒரு ஜெனரல் அந்த ஊர்மேல் கண் வைத்தார். வீடுகளைப் பிடித்தும் கட்டியும், தன்னோடு போருக்குப் போன பழைய சிப்பாய்களை அங்கே குடிவைத்தார். சிப்பாய்க்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு பானை, பானைக்கு ஒரு ஓட்டு. அதே நேரத்தில் வரித்துறையில் ஒரு பெரிய அதிகாரிக்கும் அதே ஆசை வந்துவிட்டது. அவர் தன் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து இறக்கினார். இந்தத் தெருவில் சிப்பாய்ப் பானை, அந்தத் தெருவில் வரிக்காரன் பானை.

"யார் ஜெயிச்சா?" என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள் என்றாள். அப்புறம் 1800இல் சட்டம் கொண்டுவந்து டப்ளின் பாராளுமன்றத்தையே மூடினார்கள். ஸ்வோர்ட்ஸ் தொகுதியும் அதோடு போயிற்று. நஷ்டஈடாகக் கொடுத்த பணத்தில் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்களாம்.

மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. என் தலைக்குள் சிப்பாய்கள் வரிசையாக நின்று பானை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. மணியம் எழுதிய விதியில் ஆறு மாதம் என்ற பேச்சே இல்லை. வீடு என்ற சொல்கூட இல்லை. தன் அடுப்பு, தன் பானை, அவ்வளவுதான்; வைத்தவர் ஒரு குடும்பம், அவருக்கு ஒரு ஓட்டு. என் வீட்டுக்காரர் எதையும் பாதியில் விடுகிற ஆள். அதற்காக அவரோடு வாழ்நாளெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதற்காக அவரைக் கும்பிட்டேன்.

அன்று மாலையே மாரிசாமிக்குத் தொலைபேசினேன். பொங்கலுக்கு மறுநாள் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்போகிறேன் என்றேன்: இனி ஓட்டு அடுப்புக்கு இல்லை, ஆளுக்கு.

"தாராளமா கொண்டு வாங்கம்மா. ஓட்டுக்கு விட்டுப் பாத்துடுவோம்" என்றார். குரலிலேயே சிரிப்புத் தெரிந்தது. தெரியாதா என்ன? மாரிசாமிக்குப் பென்ரோஸில் அரிசி, மளிகை, பாத்திரம் எல்லாம் இறக்குமதி செய்கிற பெரிய கிட்டங்கி. குடும்பத் தலைவர்களில் பாதிப் பேர் அவரிடம் வேலை பார்த்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் அரிசி வாங்குகிறவர்கள். என் சுந்தரம் அங்கேதான் மேற்பார்வையாளர். எட்டு வருடமாக மாரிசாமிதான் தலைவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாற்காலி அவருக்கு உடம்போடு ஒட்டிவிட்டது.

நான் ஆள் சேர்க்கக் கிளம்பினேன். முதலில் சிந்து. மதுரைப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மவுண்ட் வெல்லிங்டனில் இன்னும் மூன்று நர்ஸ்களோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. அதையும் வீட்டுச் சொந்தக்காரர் போட்டுவிடுவார்.

"ஆளுக்கொரு பானை வைக்கணுமா ஆண்ட்டி?" என்றாள் சிந்து.

"ஆளுக்கொரு அடுப்பும். அடுப்படியில ஒண்ணு, துணி துவைக்கிற ரூம்ல ஒண்ணு, பின்வாசல்ல ஒண்ணு, மாடிப்படியில ஒண்ணு."

"ஆனந்தராசா அங்கிளுக்குச் சுகர் ஏறிடுமே."

"ஆளுக்கு அரைக் கரண்டி கொடுங்க லா. ஜனநாயகத்துக்காக அவரும் கொஞ்சம் கஷ்டப்படட்டும்."

இப்படியே கொழுந்தன் வீட்டில் ஒண்டியிருந்தவர்கள், தங்கை வீட்டு மேல்மாடியில் இருந்தவர்கள், மகன் வீட்டுக்கு வந்த என்னைப் போன்றவர்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். எங்களுக்கு ஒரே குஷி. தொலைபேசி சூடாறவில்லை. பேசுவது முழுக்கப் பொங்கல் சமையலைப் பற்றி என்று வீட்டு ஆண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் உண்மைதானே.

ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டோம். இவ்வளவு பேருக்கும் பொங்கல் பானை வேண்டும். ஆக்லாந்தில் பொங்கல் பானை விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான், அது மாரிசாமியின் கடை. போனோம், பேரம் பேசினோம், வாங்கினோம். ஒரே வாரத்தில் அலமாரி காலியாயிற்று. பானை விற்றே வயது போனவருக்கு, ஒரு வீட்டுக்கு நான்கு பானை எதற்கு என்று கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? சிந்துவிடம் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணா கல்யாணமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் முழித்த முழியே காட்டிக்கொடுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது அப்படியே ஸ்வோர்ட்ஸ்தான். மாரிசாமியும் பானை நட ஆரம்பித்தார். அவர் கிட்டங்கியில் மூட்டை இறக்குகிறவர்கள், ஒரே வீட்டில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்கள். அவர்கள் எல்லோரும் பொங்கலன்று கிட்டங்கி முற்றத்தில் வரிசையாக ஆளுக்கொரு பானை வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பிரீடாவிடம் சொன்னேன். ஜெனரல் யார், வரிக்காரர் யார் என்று கேட்டாள். நான்தான் ஜெனரல் என்றேன், சந்தேகமில்லாமல்.

வீட்டில்தான் ஜெனரலின் பாச்சா பலிக்கவில்லை. கராஜில் தனிப் பானை வைக்கப்போகிறேன் என்று சொன்ன இரவுச் சாப்பாட்டில், சுந்தரம் கையிலிருந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டான்.

"அம்மா, தனி அடுப்புன்னா என்னா அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? அப்பா இல்லாத அம்மாவ மவன் கராஜுல தனியாப் பொங்க விட்டுட்டான்னு ஊரே பேசும்."

"பேசட்டும் லா. பேசுறவங்களுக்கு வாயும் இருக்கு, ஓட்டும் இருக்கு. எனக்கு வாயி மட்டுந்தான் இருக்கு."

"நான் போடுற ஓட்டு உங்களுக்கும் சேத்துத்தான மா?"

"அப்ப என் தீர்மானத்துக்குப் போடுவியா?"

அவன் தண்ணீர்க் குவளையை எடுத்தான். மாரிசாமிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டான் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கல்யாணி எனக்கு ரசம் ஊற்றினாள். எனக்கு வலித்தது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் அதிகம் வலித்தது. எங்கள் ஆட்களிடையே உலை பிரிந்தால் உறவு பிரிந்தது என்றுதான் பொருள். நான் ஓட்டுக்காகப் பிரிக்கிறேன் என்று ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. வேலை நாள். அதனால் எல்லா வீட்டிலும் மாலையில்தான் பானை. ஆனந்தராசா மட்டும் விடுப்பு எடுத்திருந்தார். பென்ரோஸில் ஆரம்பித்து மவுண்ட் வெல்லிங்டன் வழியாகப் பக்குரங்காவில் முடிப்பது என்று திட்டம். பொழுது இறங்குமுன் பொங்கவேண்டும்; இருட்டிய பிறகு பொங்குகிற பானை கணக்கில் வராது. ஜனவரி இங்கே கோடை, பொழுது இறங்க நேரமாகும் என்பதுதான் எங்களுக்கிருந்த ஒரே தெம்பு.

நான் வேலையிலிருந்து ஓடி வந்து கராஜைக் கழுவிக் கோலம் போட்டேன். பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டினேன். வெளியே சமைக்கிற பெரிய காஸ் அடுப்பைத் தேடினேன். அது மணியம் வாங்கியது, சிலிண்டரோடு கராஜ் மூலையில்தான் எப்போதும் கிடக்கும். மூலை காலி.

"கல்யாணி, அடுப்பு எங்க?"

அவள் முந்தானையைத் திருகினாள். "அவங்க காலையில கிட்டங்கிக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க அத்தை. முதலாளி கேட்டாராம், பானை வைக்க அடுப்பு பத்தலைன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பானையை அடுப்பே இல்லாமல் பொங்க வைத்திருப்பேன். என் புருஷன் வாங்கிய அடுப்பு, என் ஓட்டைத் தடுக்க, எதிரியின் முற்றத்தில் எரிகிறது. பெற்ற பிள்ளை எடுத்துக் கொடுத்திருக்கிறான். மேசைமேல் வைக்கிற சின்ன காஸ் அடுப்பு ஒன்று இருந்தது, கையளவு டப்பாவில் ஓடுவது. அதைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். மாற்று டப்பா வாங்கக் கல்யாணி பிளாசாக் கடைகளுக்கு ஓடினாள். வெறுங்கையோடு வந்தாள். எங்கள் கூட்டமும் அவர்கள் கூட்டமும் சேர்ந்து கிழக்கு ஆக்லாந்து முழுவதும் காஸ் டப்பாவைத் துடைத்து எடுத்திருந்தன.

இடையிடையே தொலைபேசியில் செய்தி வந்துகொண்டே இருந்தது. கிட்டங்கி முற்றத்தில் எல்லாப் பானையும் பொங்கிவிட்டது. அது வீடே இல்லையே என்று யாரோ ஆட்சேபித்ததற்கு, "எங்க பொங்கினது எண்டு சட்டத்தில இல்லை. பொங்கினதுதான் கணக்கு" என்று ஆனந்தராசா சொல்லிவிட்டாராம். சிந்து வீட்டில் நான்கும் பொங்கிவிட்டது. மாடிப்படிப் பானை மட்டும் வழிந்து கம்பளம் நாசம். நான் இங்கே தனியாகக் குதித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஆனந்தராசாவின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. மனிதர் முகம் வெளுத்து, வேர்த்துப்போய் இறங்கினார். அடுக்களையில் கல்யாணியின் பானை பொங்கியது. அரைக் கரண்டி சாப்பிட்டார். சுந்தரம் குடும்பம் பதிவு. பிறகு கராஜுக்கு வந்தார்.

"பொங்கட்டும் அக்கா, நான் இருக்கிறன்" என்று ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பாலில் ஆவி எழும்பியது. ஓரத்தில் நுரை கட்டியது. இதோ, இதோ என்று நான் குனிந்து பார்க்கும்போதே, சின்ன அடுப்பு நீலமாக ஒரு முறை நடுங்கி அணைந்தது. டப்பாவைக் குலுக்கினேன். சத்தமே இல்லை. நுரை மெல்லப் பானைக்குள் இறங்கியது.

"கொஞ்சம் வழிஞ்ச மாதிரித்தான இருந்துச்சு?" என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"இல்லை அக்கா" என்றார் அவர், மிகவும் வருத்தத்தோடு. "பொங்கேல்லை. நான் பொய் சொல்லமாட்டன். ஆனா வெளிச்சம் இருக்குது. நான் எழும்பவும் மாட்டன்."

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் கல்யாணி ஓடினாள். அவரிடம் இருந்தது இறைச்சி சுடுகிற பெரிய இரும்பு அடுப்பு. அதில் மாட்டிறைச்சி வெந்ததன் மணமே போயிருக்காது, அதன்மேல் பொங்கல் பானையை எப்படி வைப்பேன்? வேண்டாம் என்றேன். அடுக்களை அடுப்போ சுந்தரத்தின் கணக்கில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. கராஜ் கதவு வழியாக வெயில் சரிந்து சரிந்து கோலத்தின் கடைசி வரிசைக்கு வந்துவிட்டது. ஓட்டுப் போனாலும் போகட்டும், இந்தப் பானையின்முன் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சுந்தரத்தின் வேன் தெரு முனையில் திரும்புகிற சத்தம். வாசலில் ஏறி, ஒரு சக்கரம் புல்லில் இருக்க, அப்படியே நிறுத்தினான். பின்கதவைத் திறந்து, கரி பிடித்த பெரிய அடுப்பையும் சிலிண்டரையும் இறக்கினான். அடுப்பில் மாரிசாமி ஆட்களின் பொங்கல் வழிந்து காய்ந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பூட்டினான். துணியை நனைத்து அடுப்பைத் துடைத்தான். கல்யாணி தொலைபேசியில் அவனிடம் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வாங்கம்மா, பானையத் தூக்கி வைங்க" என்றான்.

வைத்தேன். தீக்குச்சியை அவனே உரசினான். தாய்க்குத் தனி அடுப்பை மகன் தன் கையால் பற்றவைத்தான். ஊர் என்ன பேசும் என்று புலம்பிய பிள்ளை அவன்.

"ஒண்ணு சொல்லிடுறேன்" என்றான், தீயைப் பார்த்துக்கொண்டே. "அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். நாளைக்கு என் ஓட்டு அவருக்குத்தான். உங்க ஓட்டு உங்களுக்கு. ராத்திரி சாப்பாடு மட்டும் ஒண்ணா."

 நான் பதில் சொல்லுமுன் பால் முந்திக்கொண்டது. பெரிய அடுப்பு அல்லவா, குபுகுபுவென்று நுரை ஏறி, மஞ்சள் கொத்தை நனைத்துக்கொண்டு நாலாபக்கமும் வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சுந்தரமும் கல்யாணியும் கூடக் கத்தினார்கள். ஆனந்தராசா எழுந்து நின்று கைகூப்பினார். அரிசியும் வெல்லமும் போட்டு வெந்து இறங்கும்வரை பொறுமையாக இருந்து, ஒரு முழுக் கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மவுண்ட் வெல்லிங்டன் மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஆனந்தராசா ஒலிவாங்கியில் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார். தலைவர் எழுந்து ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லவேண்டும். ஆதரவு ஏறும், எதிர்ப்பு எட்டிப் பிடிக்கும், மறுபடி ஏறும். மாரிசாமி முன்வரிசையில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுந்தரம் எழுந்து எதிர்ப்பு என்றான். சொன்ன சொல் தவறாத பிள்ளை. பெருமையாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. இரண்டு பக்கமும் சமமாயிற்று. கூப்பிட ஒரே ஒரு பெயர்தான் பாக்கி. நேற்றுக் கடைசியாகப் பதிந்த பெயர்.

"வேதவள்ளி குடும்பம். குடும்பத் தலைவர் எழும்பி நில்லுங்கோ."

எழுந்தேன்.  ஆதரவு என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. மண்டபம் கேட்டுவிட்டது. சிந்துவும் அவள் தோழிகளும் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். மாரிசாமி எழுந்து வந்து, "கடைசியில மணியம் அண்ணன் வீட்டுப் பானையே அவர் சட்டத்தை உடைச்சிருச்சும்மா" என்று என் கையைக் குலுக்கினார். நல்ல வார்த்தைதான். வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்திலேயே அடுத்தது தலைவர் தேர்தல், புதிய முறைப்படி, ஆளுக்கு ஓர் ஓட்டு. மாரிசாமி நின்றார். எதிர்த்து நான் நின்றேன். அந்த உற்சாகத்தில் நிற்காமல் இருக்க முடியுமா? எனக்காகக் கைகள் எழுந்தன, சுந்தரத்தின் கைகூட. இந்தத் தேர்தலுக்கு அவன் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. நான் கண்ணாலேயே எண்ணிக்கொண்டு வந்து, கல்யாணியிடம் வந்து நின்றேன். அவள் கைகள் மடியில் இருந்தன. மாரிசாமியின் பெயரைச் சொன்னதும் அவள் வலது கை நிதானமாக மேலே போனது.

நான் தோற்றேன். அவள் ஒருத்தியால் மட்டும் இல்லை, நன்றாகவே தோற்றேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு அவள் ஒருத்திதான் கண்ணில் நின்றாள்.

"ஏன் கல்யாணி?" என்றேன், காரின் பின்சீட்டிலிருந்து.

"அவரு நல்லாத்தான் நடத்துறாரு அத்தை" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "உங்களுக்குக் கோவம் சாஸ்தி. நீங்க தலைவரா வந்தா சங்கத்துல ரெண்டு பேரு மிஞ்சமாட்டாங்க."

சுந்தரம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். எனக்கு மூக்குவரை கோபம். நேற்று என் பானைக்காகக் கடை கடையாக ஓடியவள், இன்றைக்கு எதிரிக்குக் கை தூக்குகிறாள். மாரிசாமிக்குக்கூட அன்று அவ்வளவு கோபம் வந்திருக்காது. ஆனால் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. கை தூக்கும்போது அவள் சுந்தரத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக மேடையைப் பார்த்துத் தூக்கினாள். நான் கேட்டது இதைத்தான், கிடைத்ததும் இதுதான். ஆனாலும் பக்குரங்கா வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.